லேப்பில் எல்லாம் பச்சை

அந்த ஆஸ்பத்திரிக்குள் அவர் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த வார்டில் எந்தச் சுவரில் எத்தனை கேபிள் சாக்கெட் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நான் அதே ஆஸ்பத்திரியில் ஏணி போட்டுச் சுவரைக் குடைந்து அந்தச் சாக்கெட்டுகளை என் கையால் பொருத்தியவன். எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன். பார்த்தவன் பார்க்காதவரிடம் வழி கேட்கிற இந்தக் கூத்து அப்போது எனக்குக் கூத்தாகவே படவில்லை. என் அண்ணன் அங்கே ஐந்தாம் கட்டிலில் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அவரிடம்தான் கேட்டேன்.

ஏற்காட்டில் எங்கள் கம்பெனி என்பது மொத்தம் நான்கு பேர். எஸ்டேட் ஆபீஸ், லாட்ஜ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று மலையில் யாருக்கு நெட்வொர்க் வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்போம். கேபிள் இழுப்பது, கம்பம் ஏறுவது, அட்டைப்பூச்சிக் கடி வாங்குவது எல்லாம் என் வேலை. ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி உண்டு. எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற இடம் அதுதான். அதற்கு, இவனை உள்ளே விடு, அவனைத் தடு என்று கட்டளை எழுதுவது அவர் வேலை. முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் அவரை 'லேப் மேடம்' என்றுதான் கூப்பிட்டோம். நிஜப் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனசு வரவில்லை.

கரடியூர் போகிற வழியில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார். முன்னறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும். அதுதான் லேப். அதற்குள் முப்பது நாற்பது ஸ்விட்சுகள் ஓடும். எதற்கும் உடம்பு கிடையாது. நிஜ ஸ்விட்சின் தகரத்தையும் விளக்கையும் விட்டுவிட்டு, அதற்குள் ஓடுகிற மென்பொருளை மட்டும் எடுத்து வைத்தால் அதற்கு இமேஜ் என்று பேர். அந்த இமேஜைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், அது தன்னை ஒரு ஸ்விட்ச் என்றே நம்பிக்கொண்டு வேலை செய்யும். கட்டளை கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும். நாங்கள் எந்த இடத்தில் வேலை எடுத்தாலும் அவர் முதலில் அந்த இடத்தின் நகலை இப்படி லேப்பில் கட்டிவிடுவார். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டரின் மேசையில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கும் லேப்பில் ஒரு நகல். பேர் 'ரைட்டர்'. நிஜ ரைட்டர் லீவு போட்டால் இந்த ரைட்டரையும் அணைத்து வைப்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் கக்குகிற சூட்டுக்கு மலைப் பனியில் நல்ல மதிப்பு இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைத் துணியைக் கொண்டுவந்து அதன் பின்னால் கொடி கட்டிக் காயப்போடுவார்கள். அவர் குரங்குக் குல்லாயும் இரண்டு ஜோடி சாக்ஸும் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பொரியை அள்ளி வாயில் போட்டபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"ஏனுங்க, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஓடிட்டு இருக்குது. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

புதிதாக வந்த ஒரு பெண் உள்ளே நோயாளி இருக்கிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

"லேப்புல ஓடட்டுங்க." அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை இதுதான். மூன்று நாள் லேப்பில் ஓடாத எதையும் நிஜத்தில் ஏற்றமாட்டார். ஒரு மே மாதம், மலை முழுக்கக் கூட்டம். லாட்ஜ்காரர் ஒருவர் இன்றைக்கே மாற்றிக் கொடு என்று குதித்தார். முதலாளியும் சேர்ந்து குதித்தார். இவர் அசையவில்லை.

"நீங்க கத்தறதக் கத்துங்க. மூணு நாள்னா மூணு நாளுங்க."

இரண்டாம் நாள் லேப்பில் அந்த லாட்ஜ் மொத்தமாகப் படுத்துவிட்டது. ஒரு கேபிள் சுற்றி வந்து தன்னையே தொட்டுக்கொண்டிருந்தது, ஒரு தகவலை ஆயிரமாகப் பெருக்கி எல்லாரையும் மூச்சு முட்ட வைத்தது. நிஜத்தில் நடந்திருந்தால் ரூம் கதவு திறக்கிற அட்டை முதற்கொண்டு நின்றிருக்கும். லாட்ஜ்காரர் மறுநாள் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அந்த மனுஷியிடம் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பிடிக்கவும் பிடித்தது. இப்போதும் பிடிக்காமல் போகவில்லை, அதுதான் கஷ்டம்.

கொஞ்சம் பயம் வந்தது அடுத்த மழைக்காலத்தில். ஒரு எஸ்டேட்டில் ஆபீசுக்கும் எடை போடுகிற கொட்டகைக்கும் நடுவே கம்பியில்லாமல் ஆன்டெனா வைத்து இணைப்புக் கொடுத்திருந்தோம். தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் அது அறுந்துபோகும். அவர் லேப்பில் மூன்று மணி, நான்கு மணி, எப்போது பார்த்தாலும் நன்றாக ஓடியது. "லேப்புல ஓடுதுங்களே," என்று என்னை ஒரு வாரம் கம்பத்தில் ஏற்றி இறக்கினார். கடைசியில் நான் கண்டுபிடித்தேன். நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம். மதியம் பனி இறங்கியதும் கிளை முழுக்க ஈரம் கோத்துக்கொண்டு, அலையை விழுங்கிவிடுகிறது. கிளையை வெட்டினேன், சரியாகிவிட்டது. போனில் சொன்னேன்.

"மரத்தை லேப்புல எப்படிங்க வெக்கிறது?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு அந்த இணைப்பின் நகலில், தினமும் மூன்று மணிக்குத் தானாகக் கொஞ்சம் தடங்கல் வருகிற மாதிரி எழுதி வைத்தார். இன்னும் சில இடங்களுக்கும் எழுதினார். ஒரு நாள் ஏதோ கனெக்டர் வாங்கப் போயிருந்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார். கம்ப்யூட்டரில் நாலைந்து கோடுகள் மஞ்சளாக மாறின.

"பனி இறங்கிருச்சு. பாத்துப் போங்க, வளைவுல லைட்டப் போட்டுக்குங்க," என்றார்.

நான் வெளியே வந்தேன். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சொல்லவில்லை. அடிவாரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா இருந்தார், மலையை விட்டு இறங்கினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு வருஷமாகப் போகவில்லை. ஏரிக்கரை அரை மணி நடை. அதையும் பார்த்ததில்லை. கூப்பிட்டால், "படம் பாத்திருக்கறனுங்க," என்பார்.

அந்த ஆஸ்பத்திரியின் வேலை வந்தது இதற்கெல்லாம் பிறகு. பேர் வேண்டாம். மலைமேல் ஒரு சின்ன இடம், பத்துக் கட்டில். நெஞ்சுத் துடிப்பை அளந்து காட்டுகிற மானிட்டர் பெட்டி ஆறுதான் இருந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் சுவரில் ஒரு சாக்கெட். பெட்டியின் கேபிளை அதில் சொருகினால், வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கும் நர்ஸ் மேசைத் திரைக்குத் தகவல் போகும். திரையில் பத்துக் கட்டம். பெட்டி சொருகியிருக்கிற கட்டிலின் கட்டத்தில் கோடு ஓடும். துடிப்பு தப்பினால் மேசையில் மணி அடிக்கும். பெட்டி இல்லாத கட்டிலின் கட்டம் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கும்.

நோயாளியோடு வந்த யாரோ ஒரு ஆள் மானிட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடைய வைஃபை பெட்டியைச் சொருகிக்கொண்டு படம் பார்த்திருக்கிறான். பெரிய டாக்டர் கொதித்துப் போய் எங்களைக் கூப்பிட்டார். அதற்கு லேப் மேடம் ஒரு பூட்டு எழுதினார். ஒவ்வொரு சாக்கெட்டும் தன்னிடம் முதலில் வந்த பெட்டியை அடையாளம் வைத்துக்கொள்ளும். வேறு பெட்டி வந்தால் அந்த வழியையே அடைத்துவிடும். பிறகு யாராவது கம்ப்யூட்டர் வழியாக ஸ்விட்சுக்குள் போய்த் திறந்துவிட்டால்தான் உண்டு.

எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு விஷயம் சொன்னேன். சொன்னேன் என்பதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"மேடம், பெட்டி ஆறுதானுங்க இருக்குது. நர்சுங்க அதையே தூக்கிட்டுக் கட்டிலுக்குக் கட்டில் போவாங்க. மாத்தி மாத்திச் சொருகுவாங்க."

அலட்சியம் செய்கிற ஆள் இல்லை அவர். குறித்துக்கொண்டார். என்னை உட்கார வைத்துக்கொண்டே லேப்பில் பத்துக் கட்டிலையும் ஆறு மானிட்டரையும் நகலாகக் கட்டி, பூட்டைப் போட்டு, இரண்டாம் கட்டில் பெட்டியைப் பிடுங்கி மூன்றாம் கட்டிலில் சொருகினார். அடைக்கவில்லை. பச்சையாகவே ஓடியது. வேறு வேறு விதமாக மாற்றிப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"பாத்தீங்களா? ரெண்டுமே ஆஸ்பத்திரிப் பெட்டிதானுங்க. தெரிஞ்ச பெட்டின்னு உட்டுருது."

"அப்படியாங்க செய்யும்?"

"செஞ்சிருச்சில்லைங்க."

அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன படிப்பு இருக்கிறது? மூன்று நாள் லேப்பில் ஓடியது. நான்காம் நாள் நிஜத்தில் ஏற்றினோம்.

இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்விட்ச் பெட்டியைத் தூசி தட்டப் போனேன். பச்சை விளக்கு வரிசையில் ஒன்பதாவது மட்டும் ஆரஞ்சு. அவருக்குப் போன் போட்டேன்.

"ஒம்பதுங்களா? இங்க பச்சையாத்தானுங்க இருக்குது."

"இங்க ஆரஞ்சா இருக்குதுங்க மேடம்."

"அப்ப கேபிள் முனையில நீங்க பின்னைச் சரியா அடிக்கலைங்க. வெட்டிட்டுப் புதுசா அடிங்க. நான் உள்ள போய் ஒரு தடவை அணைச்சுப் போடறேன்."

பழைய முனையை வெட்டிப் புதிதாக அடித்தேன். அவர் ஆஸ்பத்திரி ஆபீஸ்காரரிடம் அனுமதி வாங்கி, வீட்டிலிருந்தே உள்ளே போய் அந்த வழியை அணைத்துப் போட்டார். பச்சை வந்துவிட்டது. என் கை மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்து ஒரு பின்னை ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே என்று. நடந்தது என்னவென்றால், மேலே நர்ஸ் ஒரு பெட்டியைக் கட்டில் மாற்றிச் சொருகியிருக்கிறார், சாக்கெட் அடைத்துவிட்டது. நான் முனையை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நர்ஸே அதை எடுத்துவிட்டு, சாக்கெட்டுக்குத் தெரிந்த பழைய பெட்டியையே சொருகிவிட்டார். இது எனக்குத் தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அண்ணன் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டினார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து என்னை ஐடிஐக்கு அனுப்பியது அவர்தான். அந்த ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் ஆட்களை இறக்கிவிட்டவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். கூட ஓட்டுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நானும் அண்ணியும் போனபோது ஐந்தாம் கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்போதைக்கு ஆபத்து இல்லை. நாளைக் காலையில் சேலத்துக்கு அனுப்பிவிடலாம். அதுவரைக்கும் துடிப்பு திடீரென்று தாறுமாறாக வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் மேசையில் மணி அடிக்கும், உடனே ஓடிப்போய் ஷாக் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான்."

காலையில் ஆறு பெட்டியும் வேறு கட்டில்களில் இருந்தன. நர்ஸ் அடிக்கொரு தரம் வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார். மதியம் இரண்டாம் கட்டில்காரர் வீட்டுக்குப் போனதும், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் கட்டிலுக்கு வந்தார். அண்ணன் நெஞ்சில் பட்டைகளை ஒட்டினார். கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, சுவர் சாக்கெட்டில் கேபிளைச் சொருகியது நான். பெட்டியில் பச்சைக் கோடு அழகாக ஓடியது.

"டேய் சாமி, இந்த வயரெல்லாம் நீ போட்டதுதானா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா."

"அப்ப பயமில்லை."

அந்த நர்சுக்கு இரண்டு மணியோடு வேலை முடிந்தது. பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். அடுத்த நர்ஸ் வந்து மேசையில் உட்கார்ந்தார். பனி இறங்க ஆரம்பித்தது, வார்டுக் கதவைச் சாத்தினார்கள். மேசையில்தான் மணி அடிக்கிறதே என்று, கட்டில் பக்கத்துப் பெட்டிகளின் சத்தத்தை எப்போதும் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். மற்ற நோயாளிகள் தூங்க வேண்டுமே.

அண்ணன் கண்ணயர்ந்தார். அண்ணி காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. வலுக்கட்டாயமாகச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே என் கண் பழக்கத்தில் ஸ்விட்ச் பக்கம் போனது. ஒன்பதாவது விளக்கு ஆரஞ்சு.

எந்த விளக்கு எந்தக் கட்டில் என்கிற அட்டவணை என் பையில் இருந்தது. நான் எழுதியது, என் கையெழுத்து: ஒன்பதாம் விளக்கு, ஐந்தாம் கட்டில். பை என் தோளில் இருந்தது. நான் பையைத் திறக்காமல் போனை எடுத்தேன்.

"மேடம், அந்த ஒம்பது மறுபடியும் ஆரஞ்சாயிருச்சுங்க."

சாவிப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "இல்லைங்களே. இங்க எல்லாமே பச்சையா இருக்குதுங்க."

"மேடம், நான் நேர்ல நின்னு பாக்கறனுங்க."

"நீங்க போன தடவை அடிச்ச பின்னுதானுங்க அது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, அனுமதி கொடுக்க ஆபீஸ்காரர் இல்லை, நான் உள்ள போக முடியாது. நாளைக்கு வெடியால பாத்துக்கலாங்க."

என் கண் முன்னால் எரிகிற விளக்கை விட, மூன்று மைல் தள்ளி அவர் பார்க்கிற திரையை நான் நம்பினேன். அவர் மேல் குற்றம் சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். "சரிங்க மேடம்," என்று சொல்லிப் போனை வைத்தேன். அண்ணி இரண்டு இட்லிதான் சாப்பிட்டார்.

திரும்பி வந்து வார்டுக் கதவைத் திறந்தபோது, பெட்டி மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கீச்சிட்டதோ தெரியவில்லை. கோடு கன்னாபின்னாவென்று இருந்தது. அண்ணி போட்ட கூச்சலில்தான் நர்ஸ் எழுந்து ஓடிவந்தார். டாக்டர் வந்தார், ஷாக் கொடுத்தார், மறுபடி கொடுத்தார். அண்ணன் வரவில்லை.

"அஞ்சாவது கட்டம் சும்மா கெடந்துச்சுங்க. பெட்டி இல்லாத கட்டிலாக்கும்னு இருந்துட்டனுங்க," என்று அந்த நர்ஸ் அழுதார். பொய் இல்லை. அடைபட்ட சாக்கெட்டும் பெட்டி இல்லாத கட்டிலும் அந்தத் திரையில் ஒரே சாம்பல் நிறம்தான். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது," என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை.

லேப் மேடம் சாவுக்கு வரவில்லை. போனும் செய்யவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானே போனேன். போகிற வழியெல்லாம் என்ன திட்டுவது என்று கோத்து வைத்திருந்தேன். கதவு திறந்தேதான் கிடந்தது. கொடியில் யார் துணியும் இல்லை. அவர் முகம் வற்றிப்போயிருந்தது. பொரி டப்பா நிறைந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"நொம்ப நாளா உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தனுங்க. இதப் பாருங்க."

திரையில் பத்துக் கட்டில். ஐந்தாவதுக்குக் கீழே என் அண்ணன் பேர் எழுதியிருந்தது. இரண்டாம் கட்டில் பெட்டியைப் பிடுங்கி ஐந்தில் சொருகினார். பச்சை. அந்தப் பெட்டியிலிருந்து துடிப்பு தப்பியதாக ஒரு தகவலை அனுப்பினார். மேசைத் திரையின் நகலில் மணி அடித்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தார். மறுபடியும் மணி.

"எப்படிப் பண்ணினாலும் மணி அடிச்சிருதுங்க. அன்னிலிருந்து இதையேதான் பண்ணிட்டு இருக்கறேன். இங்க ஒவ்வொரு தடவையும் அவரு பொழச்சுக்கறாருங்க."

கோத்து வைத்த திட்டு எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுவரில் கிளிப்பில் மாட்டியிருந்த ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த இமேஜோடு வருகிற குறிப்பு. இந்த இமேஜ் சில கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது என்று ஒரு வரி. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது.

"அடிக்கோடு எப்பப் போட்டீங்க?"

"மொதல் நாளேங்க." தாளைத் திரும்ப வாங்கிக் கிளிப்பில் மாட்டினார். "எந்தக் கட்டளைன்னு அதுல போடலைங்க. பூட்டிருக்கிறயான்னு கேட்டா, பூட்டிருக்கறேன்னுதான் அது சொல்லுது. நான் நம்பிட்டேன்."

பிறகு ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை மணிக்குச் சொருகினீர்கள், பெட்டியில் முதலில் என்ன தெரிந்தது, ஆரஞ்சு எப்போது பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில்தான் அவர் என்ன செய்யப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"எதுக்குங்க மேடம் இது?"

"இங்க அவரு சாகணுங்க," என்றார். கொடூரமாகச் சொல்லவில்லை, வேலை பேசுகிற மாதிரிதான் சொன்னார். "அங்க நடந்தது இங்க நடக்கலைன்னா என்ன தப்புன்னு எனக்குத் தெரியாது. இதே பூட்டு இன்னும் பதினோரு எடத்துல போட்டிருக்கறனுங்க."

திரையில் ஐந்தாம் கட்டில் பச்சையாக இருந்தது. அண்ணன் பேருக்கு மேலே சின்னப் பச்சைப் புள்ளி.

"வேண்டாங்க மேடம். பூட்டை எல்லா எடத்துலயும் எடுத்துருங்க. இத மட்டும் இப்படியே உட்டுருங்க."

"தெரியாம எப்படிங்க எடுக்கறது? எடுத்தா வேற எது போகும்னு பாக்கணுமில்லைங்க."

அதற்கு மேல் நான் அங்கே இருக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது உள்ளே மறுபடியும் அந்த மணி கேட்டது.

அவர் போன் வந்தது இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில். நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஜீப்பை வாங்கிக்கொள்ள ஒருவர் வருவதாக இருந்தது, அண்ணி அதற்குள்ளிருந்து அண்ணனுடைய துண்டையும் தண்ணீர்க் கேனையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அடைச்சிருச்சுங்க!" என்றார் லேப் மேடம். எடுத்த எடுப்பில் அதுதான். "ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரியே நெச ஸ்விட்ச் ஒண்ணு சேலத்துல கெடைச்சுது. நானே எறங்கிப் போய் எடுத்துட்டு வந்தனுங்க. லேப்போட சேத்துக் கட்டி, மானிட்டரை மாத்திச் சொருகினேன். உடனே அடைச்சிருச்சுங்க. மணியே அடிக்கலை."

"எந்தக் கட்டில்ல வெச்சுப் பாத்தீங்க?"

"அஞ்சுலதானுங்க. அதே பேரு, அதே நேரம். இப்பத்தாங்க எல்லாம் சரியா வந்துச்சு." மூச்சு வாங்கினார். "பூட்டை எடுத்தாப் போதும், வேற எதுவும் போகலை. அதையும் பாத்துட்டேன். உள்ள போக முடியற எடத்துல நான் எடுத்துடறேன், மத்த எடத்துக்கு நீங்க இன்னிக்கே நேர்ல போயிருங்க. எங்கயாச்சும் இந்நேரம் யாராச்சும் மாத்திச் சொருகிட்டு இருப்பாங்க."

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. தேடியது கிடைத்தவரின் நேர்மையான சந்தோஷம். அதை என்னால் வெறுக்கக்கூட முடியவில்லை. அவர் சொன்னது சரி. பதினோரு இடத்தில் ஆட்கள் இருந்தார்கள், எங்களை நம்பி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

அண்ணி துண்டை மடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, மொகமெல்லாம் இப்படி ஆயிருச்சு? போன்ல யாரு? என்ன ஆச்சு?"

"அண்ணன் செத்துட்டாருங்க அண்ணி," என்றேன்.

காரியம் முடிந்து பதினைந்து நாளாகியிருந்தது.